ஆத்தே: கிரேக்கத் தொன்மத்தில் மதிமருளும் கேடும்

மாந்தர் சிலபோது தம் நலத்திற்குத் தாமே பகையாகும் செயல்களைச் செய்துவிடுகின்றனர். செய்யும்பொழுது அச்செயல் தக்கதாகவே தோன்றுகின்றது. பயன் விளைந்தபின், இதனை எவ்வாறு செய்தோம் எனச் செய்தவரே திகைக்கின்றனர். அந்நேரத்தில் அறிவை மறைத்தது யாது? அச்செயலுக்குப் பொறுப்பாவார் யாவர்? இவ்வினாக்களைப் பண்டைக் கிரேக்கர் ஒரு பெண் தெய்வத்தின் வடிவில் வைத்து எண்ணினர். அத்தெய்வம் ஆத்தே எனப்பட்டது. மதிமருள், அம்மருளால் விளையும் கேடு என்னும் இரண்டனையும் அவ்வொரு பெயரே சுட்டிற்று.

ஆத்தேயைப் பற்றிய கருத்துப் பொதுவாக இவ்வாறு வழங்குகின்றது: கிரேக்கர் தம் தவறுகளைத் தெய்வத்தின்மேல் ஏற்றிவிட்டுத் தாம் நீங்கிக்கொண்டனர் என்பது. இக்கருத்து ஏற்புடையதா என்பதே இக்கட்டுரையின் ஆராய்ச்சி. ஓமர் முதல் சோபோக்கிளீசு வரையிலான நூற்சான்றுகளை நிரலே நோக்கி இதற்கு விடை காண முயல்வோம்.

1. சொல்லும் அதன் வேரும்

ஆத்தே என்பது முதற்கண் தெய்வத்தின் பெயரன்று. வழக்கிலிருந்த ஒரு பெயர்ச்சொல்லே. அறிவுக்கு ஊறு செய்தல், நெறி திறம்பச் செய்தல் என்னும் பொருளையுடைய ஒரு வினையோடு அது தொடர்புடையது. கி. மு. 5ஆம் நூற்றாண்டுப் புலவராகிய பிண்டார் இச்சொல்லை ‘அவாத்தா’ என்னும் பழைய வடிவில் ஆள்கின்றார். பிற்காலக் கிரேக்கத்தில் மறைந்துபோன வகர ஒலி ஒன்று இச்சொல்லின் நடுவே முன்னர் இருந்தது என்பதற்கு அது சான்றாகும்.

அயர்லாந்து அறிஞர் ஈ. ஆர். டாட்சு 1951இல் வெளியிட்ட, கிரேக்கரிடைக் காணப்பட்ட பகுத்தறிவு கடந்த கூறுகளைப் பற்றிய நூலில், முதல் இயலையே இச்சொல்லாராய்ச்சிக்கு ஒதுக்கினார். இலியட்டில் ஆத்தே என்பது பெரும்பாலும் புறத்தே நிகழும் அழிவைக் குறிப்பதில்லை. இயல்பான உணர்வு சிறிது பொழுது மங்கிநிற்கும் உள்ளநிலையையே குறிக்கின்றது என அவர் நிறுவினார். அழிவு என்னும் பொருள் பின்னரே ஓங்கிற்று. ஆகவே இச்சொல்லின் வரலாறு அகத்திலிருந்து புறத்திற்குச் சென்ற வரலாறாகும். காரணத்தைக் குறித்த சொல் காரியத்தைக் குறிக்கும் சொல்லாக வளர்ந்தது என்க.

2. அகமெம்னானின் இரண்டு உரைகள்

இலியட்டின் கதை ஒரு மதிமருளிலிருந்தே தொடங்குகின்றது. கிரேக்கப் படையின் தலைவன் அகமெம்னான், வீரருள் முதல்வனாகிய அக்கிலீசுக்குப் பரிசாக அளிக்கப்பெற்ற பிரிசேயிசு என்னும் பெண்ணைத் தான் கவர்ந்துகொண்டான். அக்கிலீசு சினந்து போரினின்றும் விலகினான். கிரேக்கர் பலர் மாண்டனர். தன் செயலைப் பற்றி அகமெம்னான் இருமுறை விரிவாகப் பேசுகின்றான். அவ்விரண்டு உரைகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்குதல் இன்றியமையாதது.

முதலுரை 9ஆம் காண்டத்தில் உள்ளது. தன் பாடியில் முதியோர் சிலர் நடுவே, நெசுத்தர் இடித்துரைத்தபின், தான் மருண்டதை மறுக்கவில்லை என அவன் ஒப்புக்கொள்கின்றான். ஈடாகத் தரவிருக்கும் பொருள்களையும் எண்ணிக் கூறுகின்றான். முக்காலிகள் 7, பொன் 10 தாலந்து, கொப்பரைகள் 20, பந்தயக் குதிரைகள் 12, லெசுபோசுத் தீவின் பெண்டிர் 7 பேர், அவரோடு பிரிசேயிசு எனப் பட்டியல் நீள்கின்றது. அக்கிலீசு அதனை ஏற்கவில்லை.

இரண்டாம் உரை 19ஆம் காண்டத்தில் உள்ளது. நண்பன் பத்ரோக்குலசு இறந்தபின் அக்கிலீசு சினம் தவிர்ந்து போருக்கு மீள்கின்றான். படை முழுதும் கூடிய அவையில் அகமெம்னான் பேசுகின்றான். தான் குற்றத்திற்குக் காரணன் அல்லன் என்கின்றான். சீயசும், மொய்ரா என்னும் ஊழ்த்தெய்வமும், இருளில் நடக்கும் எரினிசும் தன் நெஞ்சில் கொடிய ஆத்தேயைச் செலுத்தினர் என்கின்றான். ஆத்தேயை ஒரு பெண்ணாக வருணிப்பதும் இவ்வுரையிலேயே. அவள் சீயசின் மூத்த மகள். அவள் அடிகள் மெல்லியன. அவள் நிலத்தின்மேல் நடப்பதில்லை. மாந்தரின் தலைகளின்மேல் நடந்து செல்கின்றாள்.

இவ்வுரையை மட்டும் தனியே எடுத்துக்கொண்டோர், அகமெம்னான் பழியிலிருந்து நழுவுகின்றான் என்றனர். ஆயின் இரண்டு உரைகளிலும் உள்ள ஓர் ஒற்றுமையை உற்றுநோக்கல் வேண்டும். 9ஆம் காண்டத்தின் 119ஆம் அடியும் 19ஆம் காண்டத்தின் 137ஆம் அடியும் ஒரே சொற்களால் தொடங்குகின்றன. தான் மருண்டுவிட்டமையால் என்பது இரண்டிற்கும் பொது. அடியின் பிற்பாதி மட்டுமே வேறுபடுகின்றது. முன்னதில் தன் இழிந்த எண்ணத்திற்கு இணங்கியதாகக் கூறுகின்றான். பின்னதில் சீயசு தன் அறிவைப் பறித்துக்கொண்டதாகக் கூறுகின்றான். இரண்டிடத்தும் அடுத்து வரும் அடி சிறிதும் மாறவில்லை. குறையைத் தீர்க்கவும் அளவிறந்த ஈடு தரவும் தான் இசைவதாக அவ்வடி அமைகின்றது. பின்னர்ப் பொருள்கள் கொணரப்படும்பொழுதும் முன்னர் எண்ணிய அதே 7 முக்காலிகளும், 20 கொப்பரைகளும், 12 குதிரைகளும், 10 தாலந்து பொன்னும் அவைமுன் வைக்கப்படுகின்றன.

இதனால் பெறப்படுவது யாது? சிலர் நடுவே தன் எண்ணத்தின்மேல் வைத்த காரணத்தைப் பலர் நடுவே தெய்வத்தின்மேல் வைத்தான். அது தலைவனொருவன் தன் மதிப்பைக் காத்துக்கொள்ளும் வழியாகலாம். ஆனால் காரணம் மாறியபோதும் கடன் மாறவில்லை. தெய்வம் மருட்டிற்று என்றமையால் ஒரு கொப்பரையேனும் குறையவில்லை. செயலின் தோற்றுவாயைத் தேடும் வினா வேறு, செயலுக்கு ஈடுசெய்யும் கடமை வேறு என்பதை ஓமரின் மாந்தர் அறிந்திருந்தனர். செருமானிய அறிஞர் புருனோ சுனெல் 1946இல் வெளியிட்ட நூலில், ஓமரின் மாந்தரிடம் தாமே முடிவுசெய்யும் ஒருமித்த உள்ளம் இன்னும் உருப்பெறவில்லை என வாதிட்டார். 1993இல் பெர்னார்டு வில்லியம்சு இதனை மறுத்து, அகமெம்னான் ஈடு தர முன்வந்தமையைச் சான்றாகக் காட்டினார். மேற்காட்டிய அடிகளின் ஒப்புமை பின்னவர் கருத்திற்கே வலுவூட்டுகின்றது என நாம் கருதுகிறோம்.

3. வானினின்றும் வீழ்ந்த கதை

ஆத்தே சீயசையும் மருட்டினாள் என அகமெம்னான் ஒரு கதை கூறுகின்றான். தீபசு நகரில் அல்குமேனே எராக்கிளீசைப் பெறவிருந்த நாளில், தன் குருதி வழியில் இன்று பிறப்பவன் சுற்றியுள்ளார் அனைவரையும் ஆள்வான் எனச் சீயசு பெருமிதத்தோடு மொழிந்தான். அவன் மனைவி ஈரா, அதனை ஆணையிட்டு உறுதி செய்யுமாறு வேண்டினாள். சூதறியாத சீயசும் ஆணையிட்டான். ஈரா விரைந்து ஆர்கோசு சென்றாள். அங்குப் பெர்சேயுசின் மகனாகிய சுதெனலசின் மனைவி ஏழு திங்கட் சூலோடு இருந்தாள். அவள் மகன் யூரிசுத்தேயுசை ஈரா முன்னரே பிறக்கச் செய்து, அல்குமேனேயின் மகப்பேற்றைத் தடுத்து நிறுத்தினாள். ஆணையின்படி ஆட்சி யூரிசுத்தேயுசுக்கு உரியதாயிற்று. எராக்கிளீசு அவனுக்கு ஏவல் செய்ய நேர்ந்தது. வெகுண்ட சீயசு ஆத்தேயின் கூந்தலைப் பற்றிச் சுழற்றி விண்ணினின்றும் எறிந்தான். அவள் இனி ஒலிம்பசில் அடிவைத்தல் கூடாது எனச் சூளுரைத்தான். அவளும் மாந்தரிடை வந்து வீழ்ந்தாள்.

இக்கதையில் நோக்கத்தக்கவை இரண்டு. ஒன்று, தேவர் தலைவனும் மருளுக்கு உட்பட்டவனே என்பது. மற்றொன்று, மருளை உண்டாக்கியவளைத் துரத்திய பின்னரும் அவன் ஆணை செல்லாதாகிவிடவில்லை என்பது. மகன் துன்புறுவதைக் கண்டு அவன் வருந்த நேர்ந்ததேயன்றி அதனை மாற்ற இயலவில்லை. அகமெம்னான் தனக்குத் துணையாகக் காட்டிய கதையே, மருளின் பயன் மருண்டவனையே சேரும் என உரைக்கின்றது.

ஆத்தே வீழ்ந்த இடத்தை ஓமர் சுட்டவில்லை. பிற்காலத் தொகுப்பாகிய அப்போலோதோரசின் நூல் ஒரு செய்தி தருகின்றது. இலோசு என்பான் ஒரு பசுவைத் தொடர்ந்து சென்றான். அது பிரிகிய ஆத்தேயின் குன்று எனப்பட்ட இடத்தில் படுத்தது. அங்கு அவன் இலியோன் நகரை நிறுவினான் என்பது அச்செய்தி. இலியோன் என்பது திராய் நகரே. மதிமருளின் பெயர் பூண்ட குன்றின்மேல் அந்நகர் எழுந்தது என்னும் மரபு, அதன் முடிவை அதன் அடித்தளத்திலேயே கண்டது எனலாம்.

4. விரைவுடையாளும் நொண்டி மகளிரும்

ஆத்தேயைப் பற்றிய மற்றோர் உருவகம் 9ஆம் காண்டத்தில் வருகின்றது. அக்கிலீசை வளர்த்த முதியவனாகிய போய்னிக்சு அவனிடம் இதனைக் கூறுகின்றான். லித்தை எனப்படும் வேண்டுதல் மகளிர் சீயசின் புதல்வியர். அவர் நொண்டிகள், திரைந்த முகத்தினர், நேர்நோக்கு இல்லாதவர். ஆத்தேயோ வலியுடையாள், விரைந்த காலினள். அவள் உலகெங்கும் முந்தி ஓடி மாந்தருக்கு ஊறு செய்வாள். வேண்டுதல் மகளிர் பின்னே தளர்ந்து வந்து அவ்வூற்றை ஆற்றுவர். தம்மை மதித்தவருக்கு அவர் நலம் செய்வர். தம்மைப் புறக்கணித்தவனை ஆத்தே தொடர்ந்து சென்று வருத்துமாறு சீயசிடம் முறையிடுவர்.

தவறு விரைவில் நிகழ்கின்றது. மன்னிப்புக் கேட்பது காலந்தாழ்ந்தே வருகின்றது. கேட்பவன் தலைகுனிந்து, நேரே நோக்க நாணித் தயங்கி நிற்பன். இவ்வுண்மைகளை அம்மகளிரின் உறுப்புக் குறைகள் உணர்த்துகின்றன. இவ்வுருவகத்தால் ஆத்தே தவறு செய்தவனுக்கு மட்டும் உரியவள் அல்லள் என்பதும் விளங்கும். மன்னிக்க மறுப்பவனையும் அவள் பற்றுவாள். அக்கிலீசு மறுத்தான், அம்மறுப்பின் தொடர்ச்சியாகவே பத்ரோக்குலசை இழந்தான். அகமெம்னானின் மருளும் அக்கிலீசின் விடாச்சினமும் காப்பியத்தில் ஒரே நிறைகோலில் வைக்கப்படுகின்றன.

5. மற்றொரு பிறப்பு

எசியோட் தம் தெய்வ மரபு நூலில் ஆத்தேக்கு வேறொரு குடிமரபு கூறுகின்றார். அதன்படி இரவின் மகள் எரிசு, அதாவது பூசல். எரிசின் மக்கள் உழைப்புத் துன்பம், மறதி, பசி, போர், கொலை, பொய், வழக்கு முதலியோர். அவ்வரிசையில் டிசுனோமியா எனப்படும் முறைகேடும் ஆத்தேயும் ஒருங்கே வைக்கப்பட்டு, ஒருவர்க்கொருவர் நெருங்கியோர் எனக் கூறப்படுகின்றனர். அடுத்து வருவது பொய்ச்சூளைத் தண்டிக்கும் ஓர்க்கோசு என்னும் ஆணைத் தெய்வம்.

சீயசின் மகள் என்னும்பொழுது ஆத்தே மேலிருந்து இறங்குபவள். எரிசின் மகள் என்னும்பொழுது அவள் மாந்தரின் பூசலிலிருந்தே பிறப்பவள். எசியோட்டின் மற்றொரு நூலாகிய ‘வேலைகளும் நாட்களும்’ இவ்விரண்டாம் கருத்தையே பெரிதும் வளர்க்கின்றது. தீய வழியில் வந்த ஊதியம் ஆத்தேக்கு ஒப்பானது என்றும், வேலையைத் தள்ளிப்போடுவோன் என்றும் ஆத்தேயோடு மல்லாடுவான் என்றும் அந்நூல் உழவனுக்கு அறிவுறுத்துகின்றது. காப்பிய வீரனின் நெஞ்சில் உறைந்த மருள் இங்கு உழவனின் களத்தில் நேரும் இழப்பாகிவிட்டது.

6. செல்வமும் சட்டமும்

கி. மு. 594இல் ஏதென்சின் தலைமைப் பொறுப்பேற்ற சோலோன் கவிஞராகவும் விளங்கினார். எசியோட் இணைத்த முறைகேடு, ஆத்தே என்னும் இரண்டனையும் அவர் அரசியலுக்குக் கொணர்ந்தார். நகரின் கேடு தெய்வத்தால் அன்று, குடிகளின் பொருள்வெறியால் வருகின்றது என்பது அவர் பாடல் ஒன்றன் கருத்து. நன்முறை நிலவுமாயின் ஆத்தேயின் அரும்புகள் வாடி உலரும் என்றும் அதில் அவர் கூறுகின்றார். தகாவழியில் ஈட்டிய செல்வத்தோடு ஆத்தே விரைந்து கலந்துவிடும் என்றும், அது தீயைப் போலச் சிறிதாய்த் தொடங்கிப் பெரிதாகும் என்றும் மற்றொரு பாடலில் விளக்குகின்றார். ஆறாம் நூற்றாண்டினரெனக் கருதப்படும் தியோக்னிசின் பெயரால் வழங்கும் பாடல்கள் ஊதியத்தையும் ஆத்தேயையும் எதிர்ச்சொற்களாக வைத்து, இரண்டையும் தருவோர் தேவரே என்கின்றன. பொறுப்புப் பற்றிய கருத்தில் இருவரும் மாறுபட்டாலும், ஆத்தே என்பது ‘இழப்பு’ எனப் பொருள்பட்டமையில் ஒன்றுபடுகின்றனர்.

இப்பொருள் கவிஞரின் கற்பனை மட்டும் அன்று. கிரீட்டுத் தீவின் கோர்த்தின் நகரில் கல்லிற் பொறிக்கப்பட்ட பெருஞ்சட்டம், கி. மு. 5ஆம் நூற்றாண்டிற்கு உரியது. 12 பத்திகளில் 600 அடிகளுக்கு மேற்பட்டது. இதனை 1884இல் பெதெரிகோ ஆல்பெர் என்னும் இத்தாலிய அறிஞர் வெளிக்கொணர்ந்தார். அச்சட்டத்தில் ஆத்தா என்னும் சொல் தண்டம், பொறுப்பாகச் செலுத்த வேண்டிய இழப்பு என்னும் பொருளில் வழங்குகின்றது. வீரனை மருட்டிய தெய்வத்தின் பெயரும், குடிமகன் செலுத்தும் தண்டத்தின் பெயரும் ஒன்றே. அகமெம்னான் கதையில் மருளும் ஈடும் பிரியாது நின்றமையை மேலே கண்டோம். அப்பிணைப்பைச் சொல் வழக்கே போற்றி வைத்திருக்கின்றது.

7. துன்பியல் நாடகத்தில் ஆத்தே

ஈசுக்கிலசின் ‘பாரசீகர்’ கி. மு. 472இல் அரங்கேறியது. எட்டாண்டுகளுக்கு முன் சலாமிசுக் கடற்போரில் செர்க்சசு தோற்ற நிகழ்ச்சியே அதன் பொருள். அன்புடையாள் போல் அழைத்து வலைக்குள் சிக்கவைப்பவளாக ஆத்தே அந்நாடகத்தில் காட்சி தருகின்றாள். இறந்த மன்னன் தாரியசின் ஆவி தோன்றி, செருக்கு மலர்ந்து ஆத்தே என்னும் கதிரை ஈன்றது, அதன் அறுவடை கண்ணீரே எனக் கூறுகின்றது. ஒருவன் தானே விரையுங்கால் தெய்வமும் உடன்சேர்ந்துகொள்கின்றது என்பதும் அவ்வாவியின் கூற்று. தெய்வம் தொடங்குவதில்லை, தொடங்கியவனோடு சேர்கின்றது. இருதலைப் பொறுப்பை இதனினும் சுருங்க உரைத்தல் அரிது.

கி. மு. 458இல் அரங்கேறிய ‘அகமெம்னான்’ நாடகத்தில், கணவனைக் கொன்ற கிளித்தெம்னெசுத்ரா நீதியின்மேலும் ஆத்தேயின்மேலும் எரினிசின்மேலும் ஆணையிட்டுத் தன் செயலை நாட்டுகின்றாள். தன் உருவில் அக்கொலையைச் செய்தது அக்குடியின் பழிவாங்கும் பேயே எனவும் கூறுகின்றாள். முதியோர் குழு அதற்குத் தரும் விடை கூர்மையானது. பேய் துணைநின்றிருக்கலாம், ஆயினும் அவள் குற்றமற்றவள் எனச் சான்று கூறுவார் யாவர் என அவர் வினவுகின்றனர்.

சோபோக்கிளீசின் ‘அந்திகோனே’ இவ்வாராய்ச்சிக்கு மணிமுடி போல்வது. தெய்வம் எவன் மனத்தை ஆத்தேயின்பால் செலுத்துகின்றதோ அவனுக்குத் தீயது நல்லதாகத் தோன்றும் என்னும் கருத்து அதன் குழுப்பாடல் ஒன்றில் வருகின்றது. நாடக முடிவில் மன்னன் கிரியோன் தன் மகன் ஐமோனின் உடலைத் தாங்கி வருகின்றான். அப்போது குழுவினர், இது பிறரால் வந்த ஆத்தே அன்று, அவனே பிழைத்தமையால் வந்தது என வெளிப்படக் கூறுகின்றனர். கிரியோனும் தன் எண்ணத்தின் பிழையை முதலில் ஒப்புக்கொள்கின்றான். அதன்பின்னரே ஒரு தெய்வம் தன் தலைமேல் பெருஞ்சுமையால் தாக்கியதாகப் புலம்புகின்றான். ஆத்தே மாந்தரின் தலைமேல் நடப்பவள் என்னும் ஓமரின் கருத்தை இவ்விடம் நினைவூட்டுகின்றது. ஆயின் வரிசை மாறிவிட்டது. அகமெம்னான் அவையில் தெய்வத்தை முன்வைத்தான். கிரியோன் தன்னை முன்வைக்கின்றான்.

8. தமிழாக்கம் பற்றி ஒரு குறிப்பு

இச்சொல்லைத் தமிழில் எவ்வாறு வழங்குவது என்பது சொல்லளவில் அமையும் வினா அன்று. கிரேக்கரை நாம் எவ்வாறு உணர்கின்றோம் என்பதையே அது முடிவு செய்யும். ஊழ் என்பது முதலில் நினைவுக்கு வரும். திருக்குறளின் 38ஆம் அதிகாரம், இழத்தற்குரிய ஊழ் அறிவையும் மயக்கும் என்னும் கருத்தைக் கூறுவதால் அவ்வெண்ணம் இயல்பே. ஆயின் ஊழ் பண்டை வினையின் பயனாக வருவது. இலியட்டில் ஆத்தே அவ்வாறு வருவதில்லை. ஊழ் எனப் பெயர்த்தால் கிரேக்கர் அனைவரும் விதிக்கு அடங்கியோர் என்னும் பிழையுணர்வே எஞ்சும். பேதைமை என்பதும் முற்றும் பொருந்தாது. அது பேதையின் நிலைத்த இயல்பு. ஆத்தே அறிவுடையானையும் சிறிது பொழுது பற்றுவது. ஒன்றைப் பிறிதொன்றாகத் திரிய உணர்தலைக் குறிக்கும் மருள் என்னும் சொல்லே ஓமரின் வழக்கிற்கு ஏற்றது. சோலோன் முதல் நாடக ஆசிரியர் ஈறாக வரும் இடங்களில் ‘மருட்கேடு’ என்பது தகும். கருத்தொப்புமை கொண்டு இருமொழியாளரிடைக் கடன்கோடல் நிகழ்ந்தது என முடிபு கட்டுதல் கூடாது என்பதையும் ஈண்டுச் சுட்டுகிறோம்.

9. முடிபு

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன போதரும். ஆத்தே முதலில் உள்ளத்தின் மருளையும், பின் பொருளிழப்பையும் தண்டத்தையும், நாடகத்தில் குடிகெடுக்கும் அழிவையும் குறித்தாள். சீயசின் மகள், எரிசின் மகள் என்னும் இரு பிறப்பும் தெய்வக் காரணம், மாந்தக் காரணம் என்னும் இருவகை விளக்கத்தைக் காட்டுகின்றன. தெய்வத்தின் பெயரைக் கூறியவரும் தம் செயலின் பயனிலிருந்து விடுபடவில்லை. விடுபட விரும்பியவரைக் கேட்டோர் விடவுமில்லை.

ஆதலின், கிரேக்கர் பொறுப்பைத் தட்டிக்கழிக்க ஆத்தேயைப் படைத்தனர் என்பது பொருந்தாது. அறிவுடைய ஒருவன் தனக்கே தகாததைச் செய்யும் அப்பொழுதின் வியப்பை அவர் மறைக்கவில்லை. அதற்கு ஒரு பெயரிட்டனர். அவ்வியப்பை ஈட்டிலிருந்து நீங்கும் வழியாகவும் கொள்ளவில்லை. தலைமேல் நடந்தவள் எவளாயினும், முக்காலிகள் ஏழும் எண்ணி வைக்கப்படல் வேண்டும் என்பதே அவர்தம் துணிபு.